லிம் சூ காங்கில் அறுந்த ஒரு கம்பி, வீட்டில் கோத்த இரண்டு சக்கரங்கள்

போன டிசம்பரில் ஒரு ஞாயிறு காலை. சிங்கப்பூரின் லிம் சூ காங் ரோட்டில் மழை விட்டுப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, என் சைக்கிளின் பின் சக்கரத்தில் 'டங்' என்று ஒரு சத்தம். கல் தெறித்திருக்கும் என்று நினைத்து மிதித்தேன். இரண்டு சுற்று போவதற்குள் ரிம் பிரேக் கட்டையில் உரச ஆரம்பித்து, யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தமாதிரி ஆகிவிட்டது. இறங்கிப் பார்த்தால் ஒரு ஆரக்கம்பி, சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பை ஒட்டி அறுந்து ஆடிக்கொண்டிருக்கிறது. ராணுவப் பயிற்சிக் காலத்தில் போர் விமானங்கள் இறங்க ஓடுபாதையாக மாற்றியிருக்கிற அளவுக்கு நேரான சாலை அது, லாரிகள் வேகமாக வரும், ஓரத்தில் நின்று ரொம்ப நேரம் யோசிக்க முடியாது. பின் பிரேக்கில் உள்ள சின்ன நெம்பியைத் திறந்து கட்டைகளை விலக்கினேன், அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியோடு டேப் போட்டுக் கட்டினேன், முன் பிரேக்கை மட்டும் நம்பி மெதுவாக ஈசூன் வரை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

அந்தச் சக்கரத்தில் மொத்தமே 20 கம்பி. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் நான் எடுத்த முடிவுக்கு இதுதான் காரணம். 32 கம்பி போட்ட சக்கரத்தில் ஒன்று போனால் லேசாகக் கோணும், வீட்டுக்கு வந்துவிடலாம். 20 கம்பியில் ஒன்று போனால் ஒவ்வொரு கம்பியும் இழுக்கும் பாரம் அதிகம் என்பதால் ரிம் சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்துவிடும். என் எடை 84 கிலோ. கடையில் வாங்கும்போது எடை குறைவு, பார்க்க அழகு என்றுதான் பார்த்தேன், இந்தக் கணக்கைப் போட்டதில்லை.

வீட்டுக்கு வந்து டயரைக் கழற்றியதும் இன்னொரு விஷயம் தெரிந்தது. என் வண்டி ரிம் பிரேக் வண்டி, அதாவது பிரேக் கட்டை ரிம்மின் பக்கவாட்டைத்தான் கவ்வும். பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு முறையும் அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். நம் ஊரில் இது இன்னும் வேகம், மழையோடு சாலை மணலும் சேர்ந்து கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் லாரிகள் சிந்திவிட்டுப் போகும் சேற்றில் ஓட்டியவர்களுக்கு ரிம்மிலிருந்து வழியும் கறுப்புக் குழம்பு தெரிந்திருக்கும். அது வெறும் அழுக்கு அல்ல, கட்டை ரப்பரும் ரிம்மின் அலுமினியமும் கலந்த கலவை. கட்டையைக் கழற்றி ஊசியால் கிளறினேன், ரப்பருக்குள்ளிருந்து அரிசி நொய் அளவில் பளபளக்கும் அலுமினியத் துணுக்குகள் ஏழெட்டு வந்தன. அவை உள்ளே இருக்கும்வரை ரிம்மைச் சுரண்டிக்கொண்டேதான் இருக்கும்.

ரிம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கப் பல ரிம்களில் ஒரு சின்னக் குழியோ கோடோ விட்டிருப்பார்கள், அது மறைந்துவிட்டால் ரிம் முடிந்தது என்று அர்த்தம். என் ரிம்மில் குழி இருந்த இடமே தெரியவில்லை. ஒரு எஃகு ஸ்கேலின் விளிம்பைப் பக்கவாட்டில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் பிறை மாதிரி வெளிச்சம் தெரிகிறது, அதாவது பரப்பு உள்வாங்கியிருக்கிறது. சரி, எண்ணாகவே தெரிந்துகொள்வோம் என்று 2 மி.மீ. கனமுள்ள பழைய கம்பித் துண்டு ஒன்றை ரிம்மின் உள்பக்கம், டயர் மாட்டும் கொக்கிக்குக் கீழே வைத்தேன், இன்னொரு துண்டை வெளிப்பக்கக் குழிவில் வைத்தேன், வெர்னியர் கேலிப்பரால் மொத்தத்தையும் அளந்து 4 மி.மீ. கழித்தேன். கொக்கி தடுப்பதால் கேலிப்பரை நேராக வைத்து அளக்க முடியாது, அதனால்தான் இந்தச் சுற்றுவழி. மெலிந்த இடத்தில் 0.8 மி.மீ. வந்தது. 1 மி.மீ.க்குக் கீழே போன ரிம்மில் நான் ஓட்டமாட்டேன். உள்ளே 100 பிஎஸ்ஐ காற்று அந்தத் தகட்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், ஒரு நாள் பிரேக் பிடிக்கும்போது பக்கவாட்டு நீளத்துக்குக் கிழிந்தால் கீழே விழுவது நிச்சயம். ரிம் பிரேக் வைத்திருக்கும் எல்லோரும் இந்த வாரமே ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலைதான்.

ஆக, கம்பி ஒன்றை மாற்றினால் போதும் என்ற நிலைமை இல்லை. ரிம்மையும் மாற்ற வேண்டும். அங்கேதான் முட்டுச்சந்து. அந்தச் சக்கரத்தின் கம்பி சாதாரணக் கம்பி அல்ல, தட்டையான அலுமினியம், தலைப்பக்கம் வளைவே இல்லாமல் நேராக ஹப்புக்குள் போய் உட்காரும், அந்த மாடலுக்கென்றே செய்தது. நான் வாங்கிய கடைக்குப் போனேன். கம்பி ஒன்று 14 வெள்ளி, வர எட்டு வாரம், வந்தாலும் வரலாம் என்றார்கள். ரிம் தனியாக வராது, அந்த மாடலை நிறுத்திவிட்டார்களாம். இன்னும் இரண்டு கடைகளில் கேட்டேன், அங் மோ கியோவில் ஒரு கடை அங்கிள் கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "நோ ஸ்டாக் லா, நவ் நோபடி கீப்" என்று திருப்பிக் கொடுத்தார். ஹப் நன்றாகச் சுற்றுகிறது, பேரிங்கில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் முழுச் சக்கரமும் குப்பை. ரிம் பிரேக்கில் ரிம் என்பது கட்டை மாதிரியே தேய்ந்து தீருகிற ஒரு பாகம். அதைத் தனியாக மாற்ற வழியில்லாத சக்கரத்தை எதற்காகச் செய்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

வீட்டில் மகள், "அப்பா, டிஸ்க் பிரேக் வண்டியே புதுசா வாங்கிடுங்களேன்" என்றாள். நியாயமான கேள்விதான். 2018 ஜூலை முதல் உலகச் சைக்கிள் பந்தய அமைப்பான யூசிஐ சாலைப் பந்தயங்களில் டிஸ்க்கை முழுமையாக அனுமதித்த பிறகு கம்பெனிகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன, கியர், பிரேக் பாகங்கள் செய்யும் ஷிமானோவின் 105 வரிசை 12 ஸ்பீடுக்கு மாறியபோது ரிம் பிரேக்கே அதில் இல்லை. ஆனால் என் பிரேமில் ஒரு குறையும் இல்லை, பழைய 11 ஸ்பீடு 105 பூட்டியது, 2015-இல் வாங்கி என் உடம்புக்கு ஏற்றமாதிரி அளவெல்லாம் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டு சக்கரத்துக்காக வண்டியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

புதுச் சக்கரம் தேடும்போது எது என் வண்டிக்குப் பொருந்தும் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். இதைச் செய்யாமல் பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் இறங்கினால் காசு போய்விடும். அங்கே மலிவாகக் கிடைப்பதில் பாதி டிஸ்க் சக்கரம், 12 மி.மீ. அச்சு, பின்பக்க அகலம் 142 மி.மீ. என் வண்டி பழைய முறை, முன்பக்கம் 100, பின்பக்கம் 130, விரைவு நெம்பி போட்டு இறுக்குவது. ஒன்றில் இன்னொன்று நுழையாது. அப்புறம் ஃப்ரீஹப், அதாவது பின் பல்சக்கரக் கொத்தான கேசட் உட்காரும் பாகம். ஷிமானோவின் 11 ஸ்பீடு சாலை ஃப்ரீஹப் பழைய 8, 9, 10 ஸ்பீடு ஃப்ரீஹப்பை விட 1.85 மி.மீ. நீளம். பழைய ஹப்பில் 11 ஸ்பீடு சாலைக் கேசட் உட்காராது, புது ஹப்பில் பழைய கேசட்டைப் போடலாம், பின்னால் 1.85 மி.மீ. வளையம் ஒன்று போட வேண்டும். "ஷிமானோ ஃபிட்டிங்" என்று மட்டும் எழுதியிருந்தால் எத்தனை ஸ்பீடு என்று கேட்டுவிட்டுத்தான் தெம்பனிஸுக்கோ ஜூரோங்குக்கோ பஸ் ஏற வேண்டும். நான் கேட்காமல் ஒருமுறை போய்த் திரும்பி வந்தேன்.

கார்பன் ரிம் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டிஸ்க் வண்டியில் கார்பன் வேறு கதை. ரிம் பிரேக்கில் கார்பனுக்குத் தனிக் கட்டை வேண்டும், நனைந்துவிட்டால் பிடிப்பதற்கு ஒரு நொடி தாமதமாகும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தினமும் பிற்பகல் கொட்டித் தீர்க்கிற ஊரில் அந்த ஒரு நொடியைப் பந்தயம் வைக்க நான் தயாரில்லை. பிறகு கம்பெனியில் கோத்து வரும் அலுமினியச் சக்கரங்கள். கம்பக்னோலோவின் சோண்டா நல்ல சக்கரம், நண்பர் ஒருவரிடம் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், அவ்வளவு வழுவழுப்பாகச் சுற்றும். ஆனால் முன்னால் 16 கம்பி, பின்னால் 21, ரிம்மின் மேல்தளத்தில் கம்பிக்கான ஓட்டையே கிடையாது, கம்பியை ரிம்மில் பூட்டும் சின்ன மரையான நிப்பிளை வால்வு ஓட்டை வழியாக விட்டுக் காந்தத்தால் இழுத்துக் கொண்டுவந்து பூட்ட வேண்டும். உறுதிக்காகச் செய்த ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் இன்னும் பத்து வருடம் கழித்து இந்த ஊரில் எனக்கு அதற்குக் கம்பி கிடைக்குமா என்ற கேள்வி ஒன்றுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அதனால் கேள்வியையே மாற்றிக்கொண்டேன். எது எடை குறைவு, எது வேகம் என்பதை விட்டுவிட்டு, எந்தச் சக்கரத்தின் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும் என்று பார்த்தேன். பதில் பழைய பதில்தான். 32 ஓட்டை ஹப், 32 ஓட்டை ரிம், தலை வளைந்த வட்டக் கம்பி, பித்தளை நிப்பிள், கையால் கோத்தல். நம் அப்பாக்கள் ஓட்டிய வண்டிகளிலும் இதே முறைதான்.

ஹப்புக்கு ஷிமானோ 105 எடுத்தேன். அதில் அடைத்த பேரிங் கிடையாது, கிண்ணம் மாதிரி கப், கூம்பு மாதிரி கோன், நடுவே பால்ஸ் எனும் எஃகு உருண்டைகள். இதைப் பழைய காலத்து முறை என்பவர்கள் உண்டு, எனக்கு அதுதான் வேண்டும். மழையில் தண்ணீர் போனால் பிரித்துத் துடைத்து கிரீஸ் போட்டு மறுபடி பூட்டலாம். பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலப் பால்ஸ், ஜாலான் புசார் பக்கம் வன்பொருள் கடையில்கூட வாங்கலாம். ரிம் டிடி ஸ்விஸ் ஆர் 460. பெயரில் உள்ள எண் எடைக் கணக்கு, 460 கிராம். இதைவிட மெல்லியது உண்டு, ஆனால் என் எடைக்கும் நம் சாலையில் பதித்த சாக்கடை மூடிகளின் குலுக்கலுக்கும் இது போதும். கம்பி சப்பிம் நிறுவனத்தின் ரேஸ், நுனிகளில் 2 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. நடுவில் மெலிந்திருப்பதால் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும், தலை வளைவில் விழும் அடி குறையும், ஒரே கனமான கம்பியை விட நாள் தாங்கும். நிப்பிளில் அலுமினியம் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வேர்வை, மழை, ஈஸ்ட் கோஸ்ட் கடல்காற்று எல்லாம் சேர்ந்து எவர்சில்வர் கம்பிக்கும் அலுமினிய நிப்பிளுக்கும் நடுவே அரித்து, நான்கு வருடத்தில் நிப்பிளைத் திருகும் சாவி போட்டால் திரும்பாமல் உடையும். பித்தளை கொஞ்சம் எடை கூடும், அவ்வளவுதான்.

வாங்குவதில் அலைச்சல் இருந்தது. சிறுவயதில் அப்பாவோடு சுங்கை ரோடு சந்தைக்குப் போவேன், தரையில் விரித்த தார்ப்பாயில் பெடல், ஹப், செயின், கோன் எல்லாம் குவிந்து கிடக்கும், அப்பா உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்து எடுப்பார். 2017 ஜூலையோடு அது மூடியாகிவிட்டது. ஹப்பும் கம்பியும் உள்ளூர்க் கடையிலேயே கிடைத்தன, கம்பியை அளவு சொன்னால் எண்ணிக் கொடுத்தார்கள். ரிம் மட்டும் வெளியிலிருந்து வரவழைத்தேன். முன்பெல்லாம் 400 வெள்ளிக்குள் விமானத்தில் வரும் பொட்டலத்துக்குப் பொருள் சேவை வரி கிடையாது, 2023 ஜனவரியிலிருந்து அதற்கும் உண்டு, இப்போது 9 விழுக்காடு. விலையை ஒப்பிடும்போது இதையும் அனுப்பும் செலவையும் சேர்த்துப் பாருங்கள், இல்லையென்றால் வெளியூர் விலை மலிவாகத் தெரியும். எனக்கு ரிம் இரண்டும் எல்லாம் சேர்த்து 170, ஹப் ஜோடி 130, கம்பியும் நிப்பிளும் 70 ஜோடி 84, ரிம் டேப் 12. மொத்தம் 396 வெள்ளி. கோக்க 64 கம்பி போதும், ஆறு உபரி.

கம்பி நீளம் இந்த வேலையின் உயிர்நாடி. 2 மி.மீ. நீளம் கூடினால் நிப்பிளைத் தாண்டி டியூப்பைக் குத்தும், குறைந்தால் மரை பாதிதான் பிடிக்கும். இணையத்தில் கணக்குப் போடும் பக்கங்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்குக் கொடுக்கிற ரிம் அளவை நாமே அளந்து கொடுப்பது நல்லது. இரண்டு பழைய கம்பிகளைச் சரியாக 200 மி.மீ. வருமாறு நிப்பிளோடு சேர்த்து வெட்டி, எதிரெதிர் ஓட்டைகளில் விட்டு இழுத்துப் பிடித்து, நடுவே உள்ள இடைவெளியை அளந்தேன். 196 வந்தது, ஆக 596 மி.மீ. நான்கு இடத்தில் அளந்தேன், நான்கிலும் அதே. அதற்கு முன்பக்கம் 292, பின்பக்கம் இடது 291, வலது 289 என்று கணக்கு வந்தது. பின்பக்கம் வலது ஏன் குட்டை என்றால் அங்கே கேசட் உட்கார இடம் விட வேண்டும், ஹப்பின் விளிம்பு நடுவுக்கு நெருங்கி வந்துவிடுகிறது. இது என் ஹப்புக்கும் என் ரிம்முக்கும் வந்த கணக்கு, உங்களுடையதை நீங்கள் அளந்துகொள்ளுங்கள்.

பக்கத்து புளோக்கில் ஒரு அண்ணன் இருக்கிறார், கப்பல் பட்டறையில் வேலை, சொந்த ஊர் பட்டுக்கோட்டை. அவர் அப்பா அங்கே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர், இவர் பத்து வயதிலிருந்து ரிம் கோட்டம் எடுத்தவர். சனிக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கீழ்த்தளத்துக் கல்மேசையில் பழைய போர்வையை விரித்து உட்கார்ந்தோம். கோப்பது பார்க்கத்தான் பயம். ஒரு பக்கத்துக்கு 16 கம்பி, அதில் எட்டு முன்னோக்கி இழுக்கும், எட்டு பின்னோக்கி இழுக்கும், ஒவ்வொன்றும் எதிர்க் கம்பிகள் மூன்றைக் குறுக்கே தாண்டும், வெளிப்புறமாக வரும் கம்பி முதல் இரண்டுக்கு மேலே, மூன்றாவதற்குக் கீழே. முதல் கம்பியை வால்வு ஓட்டைக்குப் பக்கத்து ஓட்டையில் போட்டுவிட்டால் மற்றவை நாலு ஓட்டைக்கு ஒன்றாக வரிசையாகப் போகும். வால்வுக்கு இரண்டு பக்கமும் உள்ள கம்பிகள் விலகி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பம்பின் தலை நுழையாது. முன் சக்கரத்தில் நான் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டு, 24 கம்பி போட்ட பிறகுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் உருவி மறுபடி ஆரம்பித்தோம்.

அவசரமாக நான் சாவியை எடுத்ததும் அண்ணன் தடுத்தார். "தம்பி, முதல்ல எல்லா நிப்பிளையும் மரை மறையுற வரைக்கும் ஒரே அளவா விடுங்க. இதுல ஏத்தக்குறைச்சல் வந்துச்சுன்னா அப்புறம் ரெண்டு நாள் ஆனாலும் கோட்டம் போகாது." அதைக் கேட்டு மரையின் கடைசிச் சுற்று மறையும் இடத்தில் 32 நிப்பிளையும் நிறுத்தினேன். பிறகு எல்லாவற்றுக்கும் ஒரு முழுச் சுற்று, மறுபடி அரைச் சுற்று, ஒவ்வொரு தடவையும் வால்விலிருந்து ஆரம்பித்து வால்வில் முடிப்பது. உண்மையிலேயே ரிம் தானாகவே கிட்டத்தட்ட நேராக வந்து நின்றது.

கோட்டம் பார்க்கும் ஸ்டாண்டு என்னிடம் இல்லை. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பிரேம் குழாயில் இரண்டு பக்கமும் கேபிள் டை கட்டி, அதன் நுனியை ரிம்முக்கு ஒரு மயிரிழை தூரத்தில் வெட்டி விட்டால் அதுவே அளவுகோல். சுற்றும்போது எங்கே உரசுகிறதோ அங்கே எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்கு, அதே பக்கத்தைக் கால் சுற்று தளர்த்து. ரிம் சரியாக நடுவில் நிற்கிறதா என்று பார்க்கச் சக்கரத்தைக் கழற்றி இடம் வலம் மாற்றி மாட்டிப் பார்த்தேன், இரண்டு நிலையிலும் இடைவெளி ஒன்றாக வர வேண்டும்.

இறுக்கத்தை மட்டும் கண்ணை நம்பி விடவில்லை, நண்பரிடம் பார்க் டூல் டென்ஷன் மீட்டர் இரவல் வாங்கினேன். பின்பக்கம் வலது 110 கிலோ விசைக்குக் கொண்டுவந்தேன், இடது தானாக 50 சொச்சத்தில் நின்றது, அது தவறல்ல, விளிம்பு நடுவிலிருந்து தள்ளி இருப்பதால் குறைந்த இழுப்பே போதும். மீட்டர் காட்டுவதும் அண்ணன் விரலால் சுண்டிக் கேட்பதும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்க ஆச்சரியமாக இருந்தது. ஒரு கம்பியைச் சுண்டி "இது தொளதொளன்னு இருக்கு" என்பார், மீட்டரை வைத்தால் பக்கத்துக் கம்பியை விடப் பத்து கிலோ குறைவு. கடைசியாக இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையில் பிடித்துப் பலமாக அழுத்தினோம். அப்போது 'கிணிங், கிணிங்' என்று உள்ளே முறுக்கு விடும் சத்தம் வரும். இதை விட்டுவிட்டால் அந்தச் சத்தம் முதல் ஓட்டத்தில் சாலையில் வரும், கோட்டமும் கூடவே வரும். அழுத்திய பிறகு மறுபடி ஒருமுறை நேர் பார்த்தோம். இரவு ஒன்றேகால் ஆகிவிட்டது. அண்ணன் மனைவி மேலிருந்து போன் போட்டு "இன்னும் கீழேயா இருக்கீங்க?" என்று கேட்ட பிறகுதான் போர்வையைச் சுருட்டினோம்.

மறுநாள் மற்ற வேலைகள். ஹப் புதிதாக வரும்போதே கோன் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, அச்சை விரலால் சுற்றினால் கரகரத்தது. கழற்றி வைத்திருக்கும்போது ஒரு சின்ன ஆட்டம் இருக்கட்டும், நெம்பி போட்டு வண்டியில் இறுக்கினால் அந்த ஆட்டம் காணாமல் போகும், அதுதான் சரியான இடம். கேசட்டை 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். புது ரிம் பழையதை விட அகலம், அதனால் பிரேக் கேபிளைத் தளர்த்திக் கட்டைகளை விலக்க வேண்டியிருந்தது, கட்டையும் நான்கும் புதிது, பழைய கட்டையில் ஒளிந்திருக்கும் துணுக்கைப் புது ரிம்மில் தேய்க்கக் கூடாது. அதே 25 டயர் இந்த ரிம்மில் 26.5 மி.மீ. அகலம் காட்டியது. பிரேக்குக்கும் டயருக்கும் நடுவே 4 மி.மீ. இடம் இருந்ததால் கவலையில்லை, இடம் குறைவான பிரேம் என்றால் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அகலம் கூடியதால் காற்றை 100-இலிருந்து 85-க்கு இறக்கினேன், மண்டாய் ரோட்டில் கையில் வரும் அதிர்வு நன்றாகவே குறைந்திருக்கிறது.

பழைய ஜோடியை விட இது கிட்டத்தட்ட 250 கிராம் அதிகம். சவுத் புவன விஸ்தா ஏற்றத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இறக்கத்தில், ஈரத்தில், பிரேக் பிடித்தால் பிடித்த இடத்தில் நிற்கிறது.

முதல் 200 கிலோமீட்டர் கழித்து மீட்டரை மறுபடி இரவல் வாங்கிப் பார்த்தேன். பின்பக்கம் இடதில் இரண்டு கம்பி கொஞ்சம் தளர்ந்திருந்தன, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினேன். மீதியெல்லாம் வைத்த இடத்தில் இருக்கின்றன. உபரி ஆறு கம்பியில் நீளத்துக்கு ஒன்றாக மூன்றை டேப் சுற்றி சீட் குழாய்க்குள் விட்டிருக்கிறேன், மற்ற மூன்றும் ஒரு ஜோடி கோனும் மேசை இழுப்பறையில் நீளம் எழுதி ஒட்டிய உறையில் இருக்கின்றன. பழைய சக்கரத்தின் ஹப்பிலிருந்து பேரிங்குகளைத் தட்டி எடுத்து வைத்துக்கொண்டேன், அதே அளவு பேரிங் மகள் வண்டியில் இருக்கிறது. அடுத்த மாதம் அண்ணனுடைய பழைய ராலே வண்டிக்குப் பின் ரிம் கோக்க வேண்டும், அவர் ஹப்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார், 36 ஓட்டை.